யார் யாரைத் திட்டினார் என்பது இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மேசையைத் தட்டிக் கேள்வி கேட்டதை ஞாயிறு இதழில் அரைப்பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். "அதிகாரிகள் திணறினர்" என்று ஒரு வரி வேறு. எங்கள் பக்கத்து அதிகாரிகள் திணறி நான் பார்த்ததேயில்லை. கையில் ஒரு சுற்றறிக்கை இருக்கும்வரை அவர்களுக்கு மூச்சு முட்டாது.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும் வழியில் இருந்த சிறு பாலம் மழையில் உடைந்துவிட்டது. இப்போது இரண்டு மரக்குற்றிகள் கிடக்கின்றன. கொழுந்து மூட்டையோடு பெண்கள் அதில் பக்கவாட்டாகத்தான் நடக்கிறார்கள். பிரதேச சபையில் கேட்டால் தோட்டத்துப் பாதை என்கிறார்கள். தோட்டத்தில் கேட்டால் அரசாங்கக் காணி என்கிறார்கள். சரி என்று பாராளுமன்ற உறுப்பினரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிப் போனேன். அதிகாரி முழுவதும் வாசித்தார். "கடிதம் நல்லாத்தான் இருக்கு மாஸ்டர், ஒதுக்கீடு எங்கே?" திரும்பி வந்து சொன்னேன். "பாத்தீங்களா மாஸ்டர், இந்த ஆட்களை வச்சிக்கிட்டு நான் என்னத்த செய்ய?" என்றார் உறுப்பினர். இவருக்கு அவர் சாட்டு, அவருக்கு இவர் சாட்டு. இதற்குப் பெயர் சண்டையாம்!

முன்பெல்லாம் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குச் சபைப் பணம் செலவழிக்க முடியாது என்பார்கள். 2018இல் அதையும் திருத்தியாயிற்று. நுவரெலியா மாவட்டத்தின் 5 பிரதேச செயலகங்களை 10 ஆக்க 2019இல் வர்த்தமானி வந்தது. வர்த்தமானி வந்த வேகத்தில் முழு அலுவலகங்கள் வரவில்லை. 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. என் மனுவுக்கு வந்த பதிலோ தனிச் சிங்களத்தில். அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடிப் போனதைத் தாங்கள் அறியாதவரா என்ன? தோட்டத் தொழிலாளிக்கு வீடு கட்டத் தருவதாகச் சொன்ன ஏழு பேர்ச் காணியின் கதையைத் தொட்டால் உங்களுக்கு இடம் போதாது.

ஆனால் அடிக்கல் நாட்டு விழா என்று வரட்டும், இந்த இரு தரப்பும் ஒரே குத்துவிளக்கை ஏற்றும். அந்தப் படங்களையும் நீங்கள்தான் போடுகிறீர்கள்.

அன்றைய நிகழ்ச்சிநிரலில் எங்கள் பாலமும் இருந்ததாகக் கேள்வி. உங்கள் நிருபர் தேநீருக்குப் பிறகும் மண்டபத்தில் இருந்திருந்தால், அதற்கு என்ன முடிவானது என்று அடுத்த இதழில் ஒரே ஒரு வரி போடும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
நோர்வூட்.