பிள்ளைகளுக்கான கைவினைப் பெட்டியில் உள்ள தவறான சுத்திகரிப்பு அறிவுறுத்தல் தொடர்பான முறைப்பாடு

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா / அம்மணி,

மகளின் பாடசாலையில் நடைபெறவிருந்த வாணி விழாவுக்கு அலங்காரப் பொருட்கள் செய்வதற்காக, உங்கள் நிறுவனத்தின் கைவினைப் பெட்டியை யாழ் நகரிலுள்ள புத்தகக் கடை ஒன்றில் வாங்கினேன். வெள்ளைக் கம், அந்தக் கம்முடன் கலந்து ஸ்லைம் எனப்படும் இழுபடும் விளையாட்டுக் களியைச் செய்வதற்கான கரைசல், மினுக்குத் தூள், சிறிய சுப்பர் குளூ ரியூப் ஆகியன அதனுள் இருந்தன. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெட்டியின் பின்புறத்தில், “சிந்தினால் ஈரத்துணியால் துடைத்து, சவர்க்காரமிட்டுக் கழுவவும்” என்ற ஒரேயொரு அறிவுறுத்தலே அச்சிடப்பட்டுள்ளது. அந்த அறிவுறுத்தலைப் பின்பற்றியதாலேயே எங்கள் வீட்டுத் தேக்கு மேசை பழுதடைந்தது. உதவிக்கு நின்ற என் தங்கையின் விரல்களும் சுட்டுப்போயின.

வெள்ளைக் கம்முக்கு மட்டும் அந்த அறிவுறுத்தல் பொருந்தும். அது பி.வி.ஏ. எனப்படும் நீரில் கரையும் பசை. காய்வதற்கு முன் ஈரத்துணியே போதும், காய்ந்தபின் இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். ஸ்லைமின் நிலை வேறு. அதற்கான கரைசலில் உள்ள போரேற்று, பசையின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், ஈரத்துணியால் தேய்க்கத் தேய்க்க அது துணியின் இழைகளுக்குள் இன்னும் ஆழமாக இறங்குகிறதே தவிரக் கழன்று வருவதில்லை. செற்றியின் உறையிலும் மகளின் வெள்ளைச் சீருடையின் கையிலும் அப்பியிருந்த ஸ்லைமை, பலசரக்குக் கடையில் வாங்கிய சாதாரண வினாகிரியை ஊற்றிச் சற்றுநேரம் விட்டுத்தான் அகற்றினேன். அமிலம் பட்டதும் அந்தப் பிணைப்பு விடுபட, இழுபட்டுக்கொண்டிருந்த திரள் நீர்த்தன்மையாகி, இளஞ்சூட்டு நீரில் அலசியபோது வந்துவிட்டது. சாயத்தின் கறை மட்டும் சீருடையில் இலேசாக நிற்கிறது. அதே வினாகிரியை மாபிள் நிலத்திலோ, எங்கள் வீடுகளிலுள்ள சிவப்புச் சீமெந்துத் தரையிலோ ஊற்றினால் அமிலம் மேற்பரப்பை அரித்துவிடும் என்பதையும் ஒருவர் சொல்லித்தானே பாவனையாளர் அறியமுடியும்? இந்த இரண்டு வரிகளை அச்சிட உங்கள் பெட்டியில் இடம் தாராளமாக இருக்கிறது.

எனினும், இக்கடிதத்தை நான் எழுதுவதற்கு முதன்மையான காரணம் சுப்பர் குளூதான். அதில் உள்ள சயனோஅக்கிரிலேற்று ஈரப்பதனால் இறுகுகின்ற பசை. ஆகவே ஈரத்துணியால் துடைக்கச் சொல்வது, அதை அந்த இடத்திலேயே விரைவாக இறுக்கச் சொல்வதற்குச் சமம். பருத்தித் துணியில் பட்டால் அது இன்னும் வேகமாக இறுகுவதோடு, தோலைச் சுடுமளவுக்கு வெப்பத்தையும் வெளியிடும். ரியூப்பிலிருந்து மேசையில் வழிந்த பசையை, உங்கள் பெட்டி சொன்னபடி, நனைத்த பருத்தித் துணியால் என் தங்கை துடைத்தார். துணி கையிலேயே சூடேறியதால் அவர் அதை உதறிவிட முயன்றபோது, அதன் ஒரு மூலை மேசையோடு ஒட்டிக்கொண்டது. கிழித்தெடுத்த இடத்தில் துணியின் நெசவு, நூல் நூலாக, இன்றும் மேசையில் பதிந்திருக்கிறது. அந்த ரியூப் மகளின் கையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. சிறுபிள்ளைகளின் படம் போட்டு விற்கும் பெட்டிக்குள், எந்தத் தனி எச்சரிக்கையும் இல்லாமல் இந்தப் பசையை நீங்கள் வைத்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

உங்கள் வாடிக்கையாளர் தொலைபேசிச் சேவையை அழைத்தபோது, மேசை எத்தகையது என்று ஒரு சொல்லும் கேளாமல், நகப்பூச்சு அகற்றும் திரவத்தைப் பூசும்படி கூறினார்கள். அத்தகைய திரவங்கள் பலவற்றில் உள்ள அசற்றோன், இறுகிய சுப்பர் குளூவை இளக்கும் என்பது உண்மை. ஆனால் மரத்தின் மெருகையும் அது கூடவே கரைக்கும், அசற்றேற்று வகைத் துணியாயின் துணியையே கரைத்துவிடும். எங்கள் மேசையில் பசையின் ஒரு பகுதி இளகியது. அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு மெருகு போய், மரம் வெளிறித் தெரிகிறது. முதலில் மறைவான ஓர் இடத்தில் துளியளவு தொட்டுப் பார்க்கும்படியாவது உங்கள் ஊழியர் சொல்லியிருக்கவேண்டும்.

ஆகவே, மேசைக்கு மீண்டும் மெருகிடுவதற்கான செலவை நீங்கள் ஏற்கவேண்டும் என்று கோருகின்றேன். தச்சர் தந்த மதிப்பீட்டை இத்துடன் இணைத்துள்ளேன். அதைவிட முக்கியமாக, சுப்பர் குளூவைப் பிள்ளைகளுக்கான பெட்டியிலிருந்து நீக்குங்கள். ஏற்கெனவே கடைகளில் உள்ள பெட்டிகளைத் திருப்பிப் பெறுங்கள். இனி வரும் பெட்டிகளில் ஒவ்வொரு பசைக்கும் உரிய அகற்றும் முறையையும், அம்முறை எந்தெந்தத் துணிகளுக்கும் பரப்புகளுக்கும் ஆகாது என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக அச்சிடுங்கள். தோலில் சுப்பர் குளூ ஒட்டினால் இழுத்துப் பிய்க்காமல், சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து மெல்ல விடுவிக்கவேண்டும் என்பதைத் தொலைபேசியில் பதிலளிக்கும் உங்கள் ஊழியர்களும் அறிந்திருக்கவேண்டும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையில் வர்த்தகர் எவரும் ஈடுபடுவதைத் தடைசெய்கின்றது. 14 நாட்களுக்குள் உங்களிடமிருந்து எழுத்துமூலப் பதில் கிடைக்காவிடின், இம்முறைப்பாட்டை அவ்வதிகாரசபைக்குச் சமர்ப்பிப்பேன். பற்றுச்சீட்டின் நிழற்பிரதியையும், மேசை, சீருடை, பெட்டியின் பின்புறம் ஆகியவற்றின் படங்களையும் இணைத்துள்ளேன். மேசையில் ஒட்டிக் கிழிந்த துணியும் மீதிப் பசையும் என்னிடம் உள்ளன. உங்கள் பிரதிநிதி எவரும் வந்து பார்வையிடலாம்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்