அத்தான், கொன்ட்ராவுக்கு எந்த டப்பா?

அன்புள்ள அத்தானுக்கு,

முந்தநாள் ராத்திரி வட்ஸ்அப்பில பழைய டிவி கேம் விளையாடுற கையடக்க டப்பா மூண்டின்ர படம் அனுப்பி "இதுல எது நல்லம், வெள்ளிக்கிழமை சம்பளம் விழுந்தோண்ண ஓடர் போடப்போறன்" எண்டு கேட்டிருந்தீங்க. ஒரு வரியில பதில் போடத்தான் வெளிக்கிட்டனான், பேந்து வொய்ஸ் மெசேஜ் ஆறு நிமிஷத்துக்குப் போய், அதை நானே போட்டுக் கேட்டுட்டு அழிச்சிட்டன். அதான் இங்க எழுதுறன், இதே கேள்வியக் கேட்டு அரிக்கிற ஆக்கள் இன்னும் நாலு பேர் இருக்கினம், அவைக்கும் இதையே அனுப்பி விடலாம். அக்காவுக்கு மட்டும் காட்டாதீங்கோ, உள்ளுக்க விலை கிடக்கு.

வெள்ளிக்கிழமை ஓடர் போடாதீங்கோ. முதல் நீங்க என்னத்தை விளையாடப் போறீங்க எண்டதைக் கதைப்பம்.

"சின்ன வயசுல விளையாடின கேம் எல்லாம் ஓடோணும்" எண்டு எழுதியிருந்தீங்க. கோவிக்காதீங்கோ அத்தான், சின்ன வயசுல நீங்க எங்க விளையாடினீங்க? 1990ல யாழ்ப்பாணத்துக்கு கரண்ட் இல்லாமப் போனது, சைக்கிளைக் கவிழ்த்து வச்சு டைனமோ சுத்தி ரேடியோ கேட்ட கதைய எனக்குச் சொன்னதே நீங்கதான். கொழும்பில இருந்து ஆரோ கொண்டந்த பிரிக் கேம் ஒண்டு உங்கட வீட்டில இருந்ததாம், ஆனா அதுக்குப் போடுற பற்றரி தடை செய்த சாமான், பழைய பற்றரிய கூரையில வெயிலுக்குக் காய வச்சுப் போட்டா மூண்டு நிமிஷம் கட்டை விழும், பேந்து ஸ்க்ரீன் மங்கிடும், திரும்ப வெயிலுக்கு. அவ்வளவுதான் உங்கட சின்ன வயசு.

நீங்க தேடுறது 1997. கப்பல்ல திருகோணமலைக்கு வந்து, அங்கயிருந்து வெள்ளவத்தையில ஒரு லொட்ஜுக்கு வந்து சேர்ந்தீங்க, அப்பா தன்ர சிநேகிதர்ட மகன் எண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கட வீட்ட கூட்டிக்கொண்டு வந்தவர். உங்களுக்கு 18, எனக்கு 9. பின்னேரத்தில ரோட்டால போனா ஐசி (அடையாள அட்டை) கேப்பாங்கள், பொலிஸ் பதிவு கேப்பாங்கள், அதால அம்மா உங்களை வெளிய விடாம என்ர டிவி கேமுக்கு முன்னால இருத்தி விட்டவ. ரெண்டு பேர் சேர்ந்து சுட்டுக்கொண்டு போற கொன்ட்ராவில அந்த நீர்வீழ்ச்சி ஸ்டேஜ் ஞாபகம் இருக்கோ? ஒராள் மேல ஏறினா ஸ்க்ரீனும் மேல போகும், கீழ நிக்கிற ஆள் அதோட சரி. நான் வேணுமெண்டே ஏறுவன், நீங்க கொன்ட்ரோலரை மடியில வச்சிட்டு ஒண்டும் கதைக்காம என்னைப் பார்ப்பீங்க. டாங்க் கேமில நாங்க காக்கவேண்டிய பருந்தை நீங்களே சுட்ட நாளை நானும் மறக்கேல்ல.

அப்ப கணக்கு என்னெண்டா கொன்ட்ரா, டாங்க், மரியோ, கல்லுக் கோடரி எறிஞ்சுகொண்டு ஓடுற அந்தத் தீவுக்காரன், நாலு கேம். நாலும் 1985க்கும் 88க்கும் இடையில வந்தது, நாலும் 1983ல ஜப்பானில வந்த ஃபமிகொம் எண்ட மெஷினில ஓடினது. இண்டைக்கு விக்கிற ஆகக் குறைஞ்ச சிப்புக்குக் கூட அது பெரிய வேலை இல்லை. அதால "எது பவர் கூட" எண்ட கேள்விய விட்டுடுங்கோ.

முதல் படம், ரெட்ரொயிட் பொக்கெட் 5. ஸ்னப்டிராகன் 865 சிப், 5.5 இஞ்சி அமோலெட் ஸ்க்ரீன், வரேக்க விலை 199 டொலர், நல்ல சாமான், பொய் சொல்லேல்ல, எனக்கே ஆசை. பிஎஸ்2, கேம்கியூப் மாதிரிப் பிந்தி வந்த மெஷின்களின்ர கேம் எல்லாம் ஓடும் எண்டுதான் அதை வாங்கிறது. நீங்க பிஎஸ்2க்கு முன்னால ஒரு நாளும் இருந்ததில்லையே அத்தான், அது வந்த நேரம் நீங்க புறக்கோட்டையில ஹார்ட்வெயர் கடையில பில் எழுதிக்கொண்டிருந்தீங்க. அதோட அது ஆண்ட்ராய்ட், ஒவ்வொரு எமுலேட்டரையும் (பழைய மெஷின் மாதிரி நடிக்கிற புரோகிராம்) தனித்தனியா இறக்கி செட் பண்ணோணும், அந்த வேலை கடைசியில ஆருட்ட வரும் எண்டு எனக்குத் தெரியும். செட் பண்ணித் தந்தாலும் ரெண்டாம் நாள் நீங்க அதுல யூடியூப்பில கிரிக்கெட் பார்ப்பீங்க.

ரெண்டாவது ட்ரிமுயி ஸ்மார்ட் புரோ, நீளமா வடிவா இருக்கும், விலையும் குறைவு. இங்கதான் நிறைய ஆக்கள் விழுறது. ஸ்க்ரீன் கிட்டத்தட்ட 5 இஞ்சி எண்டு போட்டிருக்கு தானே, ஆனா அது அகலம் உயரம் 16க்கு 9, எங்கட பழைய டிவி 4க்கு 3. 1280க்கு 720 புள்ளி இருக்கிற ஸ்க்ரீனில கொன்ட்ராவைப் போட்டா படம் 960 புள்ளியோட நிண்டுடும், ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டி, அகலத்தில கால்வாசி சும்மா கிடக்கும். அடிமட்டம் வச்சுப் பார்த்தா அந்த 5 இஞ்சிக்குள்ள உங்களுக்குக் கிடைக்கிற படம் 4 இஞ்சிதான். இழுத்து நிரப்பலாம், ஆனா மரியோ இடியப்பத் தட்டில ஏறி இருந்த மாதிரி சப்பையாத் தெரிவார், என்னால பார்க்கேலாது. பிஎஸ்பி எண்ட சோனின்ர கை மெஷின் கேம் விளையாடுற ஆளெண்டா இந்த நீளம் சரி, பிஎஸ்பின்ர ஸ்க்ரீனே அந்த வடிவம்தான்.

மூண்டாவது படத்தைப் பார்த்து சிரிச்சிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. புறக்கோட்டை நடைபாதையில தொங்கிற அந்த 400 இன் 1. ஆனா பேந்து யோசிச்சா உங்கட மூண்டில எங்கட பழைய டப்பாவுக்கு உண்மையான சொந்தம் அதுதான். மற்றதெல்லாம் ஃபமிகொமை சொஃப்ட்வெயரில நடிச்சுக் காட்டுறது, இது அந்தக் கால குளோன் (நகல்) மெஷினை அப்பிடியே ஒரு சிப்புக்குள்ள சுருக்கினது, பின்னால மூடியக் கழட்டினா பழைய நோக்கியா போன் பற்றரி மாதிரியே ஒண்டு இருக்கும், டிவிக்குக் குத்துற ஏவி வயரும் வரும். சின்னவளுக்கு பஸ்ஸில விளையாட ஒண்டு வாங்கிக் குடுங்கோ, பிழையில்லை. உங்களுக்கு வேண்டாம், ஏனெண்டா விட்ட இடத்தில சேவ் பண்ணேலாது, பட்டன் ரப்பர் மாதிரி அமுங்கும், ஸ்க்ரீன் 3 இஞ்சி.

ஸ்க்ரீன் கதைக்குத்தான் வாறன். போன பொங்கலுக்கு வீட்ட வந்தநேரம் என்ர மியூ மினி பிளஸ்ஸை உங்கட கையில தந்தன், 3.5 இஞ்சி. நீங்க கண்ணாடியக் கழட்டி நெத்தியில ஏத்தி, கையை நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்து, அதைப் பாத்தீங்க. மெனுவில இருந்த எழுத்தை சின்னவள்தான் வாசிச்சுச் சொன்னவள். 46 வயசில வெள்ளெழுத்து வாறது ஆருக்கும் வாறதுதான், ஆனா டிவைஸ் எடுக்கேக்க சிப்பை விட அதைத்தான் நான் முதல்ல பார்ப்பன். ஆசைக்கு 2.8 இஞ்சி சின்னதுகள் எடுத்திடாதீங்கோ, 4 இஞ்சி ஸ்க்ரீன் அதைவிட பரப்பளவில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

நான் சொல்லுறது அன்பெர்னிக் ஆர்ஜி40எக்ஸ்எக்ஸ் எச். பேர் வண்டி நம்பர் மாதிரி இருக்கும், பயப்பிடாதீங்கோ. 4 இஞ்சி, 4க்கு 3, 640க்கு 480. ஃபமிகொம் படம் உயரத்தில 240 கோடு, 480 எண்டா சரியா ரெண்டு மடங்கு, கோடு கோணாம கட்டை கட்டையா வடிவாத் தெரியும். கிடையாப் பிடிக்கிறது, அதால உங்கட கைக்குச் சரி, நிமிர்த்திப் பிடிக்கிறது அரை மணித்தியாலத்தில பெருவிரல் மூட்டில குத்தும். பிஎஸ்1 வரைக்கும் தடையில்லாம ஓடும், அதுக்கு மேல அங்கொண்டு இங்கொண்டு. வரேக்க விலை 70 டொலர் பக்கம். டொலர் 200 ரூபாயில இருந்து 360க்கு ஏறின 2022க்குப் பிறகு எங்களுக்கு 199க்கும் 70க்கும் உள்ள வித்தியாசம் சும்மா வித்தியாசம் இல்ல.

ஆனா விலைக்காக இதைச் சொல்லேல்ல. இதுல டிவிக்குக் குத்துற எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கு. என்ர மியூவில இல்லை. நீங்க எழுதினதைத் திரும்ப வாசிச்சுப் பாருங்கோ, ஒரு இடத்தில கூட "தனிய" எண்டு இல்லை, எல்லாம் "நாங்க விளையாடினது". ரெண்டு பேர் விளையாடின கேமைத் தனிய பஸ்ஸில இருந்து விளையாடினா பத்து நிமிஷத்தில அலுத்துப்போகும் அத்தான், எனக்கு அலுத்தது. டிவியில குத்தி, இன்னொரு கொன்ட்ரோலரைக் கொழுவினா கதை வேற.

கார்ட் விசயம் ஒண்டு, இது பட்டது. நான் முதல் வாங்கின டிவைஸோட ஒரு பேரில்லாத மெமரி கார்ட் வந்தது, ஆயிரக்கணக்கில கேம் நிரப்பி. எட்டு மாசத்தில ஒரு நாள் காலமை போட்டா கறுப்பு ஸ்க்ரீன், அந்த எட்டு மாசச் சேவ் எல்லாம் துப்புரவாப் போச்சு. அதைவிடக் கொதி என்னெண்டா, பதிலுக்கு பம்பலப்பிட்டியில ஒரு கடையில நல்ல கம்பனி பேர் போட்டு எடுத்த கார்ட்டும் போலி, 128 எண்டு எழுதியிருந்தது, சோதிச்சா 16க்கு மேல எழுதுறதெல்லாம் காத்தில. அதால பெட்டிய உடைச்ச கையோட, வந்த கார்ட்டை கம்பியூட்டரில கொப்பி எடுத்து லாச்சிக்குள்ள போட்டுட்டு, பில் தாற கடையில ஒரு 64 ஜிபி எடுங்கோ, எடுத்து எச்2டெஸ்ட்டபிள்யூ எண்ட புரோகிராமில முழுசா எழுதி வாசிச்சுப் பார்த்திட்டுப் போடுங்கோ. உங்களுக்கு 64 எக்கச்சக்கம், அந்த நாலு கேமும் சேர்ந்து ஒரு போட்டோ அளவுகூட வராது.

அந்தக் கார்ட்டில நிரப்பி வாறதுக்கு ஃபமிகொம் செய்த நின்டென்டோவும் குடுக்கேல்ல கொன்ட்ரா செய்த கொனாமியும் குடுக்கேல்ல அனுமதி, அதையும் சொல்லிப்போட்டன். எங்கட பழைய 9999 இன் 1 கசெட்டும் அதே கேஸ்தான், 9 வயசில தெரியாது, இப்ப தெரியும். கொனாமி 2019ல பழைய கொன்ட்ராக்களைச் சேர்த்து ஒரு தொகுப்பு விட்டது, கம்பியூட்டருக்கும் இருக்கு, நான் காசு குடுத்து வாங்கி வச்சிருக்கிறன்.

கடைசியா ஒண்டு, இதைக் கண்டுபிடிச்ச அண்டு எனக்கு நித்திரை வரேல்ல. எமுலேட்டரில கொன்ட்ராவை முதல் போட்ட நேரம் ஏதோ அவசரம் மாதிரி இருந்தது, ஓடுறதும் சுடுறதும் கெதி, பாட்டும் ஓட்டம். எனக்கு வயசு போட்டுது எண்டு நினைச்சன். பேந்து பார்த்தா ஜப்பான் டிவி செக்கனுக்கு 60 தரம் படம் போடுறது, எங்கட நாட்டு டிவி பால் (PAL) முறை, 50 தரம். எங்கட பக்கத்துக்கு வந்த குளோன்கள் அந்த 50க்கெண்டு செய்த சிப்போட வந்ததுகள், ரஷ்யாவில 1992ல டென்டி எண்ட பேரில வித்ததும் அந்த இனம்தான். ஜப்பான் பிள்ளை 10 செக்கனில ஓடின தூரத்தை நாங்க 12 செக்கனில ஓடியிருக்கிறம். எங்கட வீட்டு டப்பாவும் அந்த ஜாதியாத்தான் இருந்திருக்கோணும், இல்லாட்டி என்ர காது பொய் சொல்லோணும். ரெட்ரோஆர்ச் எண்ட எமுலேட்டர் புரோகிராமில எஃப்சிஇயூஎம்எம் எண்ட கோரை (ஃபமிகொமுக்கான பகுதி) எடுத்து, ஒப்ஷனுக்குள்ள ரீஜன் எண்ட இடத்தில டென்டி எண்டு மாத்திவிட்டா அந்தப் பழைய ஆறுதல் வேகம் வரும். நான் மாத்திப் போட்டு நீர்வீழ்ச்சி ஸ்டேஜ் மட்டும் தனிய ஏறிப் பார்த்தன். கீழ ஒருத்தரும் நிக்கேல்ல.

டிவைஸ் வந்தோண்ண சொல்லுங்கோ, ரெண்டாவது கொன்ட்ரோலர் என்னட்ட இருக்கு. வயர் மட்டும் நீங்க எடுங்கோ, அது மினி எச்டிஎம்ஐ, கடைக்காரன் மைக்ரோவைத் தூக்கித் தருவான், பெட்டியில வாசிச்சிட்டு வாங்கோணும். கண்ணாடியப் போட்டுக்கொண்டு வாசியுங்கோ.

அன்புடன்,
உங்கட மச்சான்
வெள்ளவத்தை