புல்லுக்குள் தனியாகக் கிடக்கும் மான்குட்டியைத் தூக்காதீர்கள்

சூரிச் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். மே பிறந்துவிட்டது. சனி, ஞாயிறு வந்தால் பிள்ளைகளோடு காட்டோரம் நடக்கப் போவோம். அப்போது ரே (Reh) என்று இங்கே சொல்லும் சின்னக் காட்டு மானின் குட்டி ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்த மடல்.

குட்டி உயரமான புல்லுக்குள் காதை மடித்து, தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். முதுகில் வெள்ளைப் புள்ளிகள். ஈ மொய்த்தாலும் அசையாது, கண் மட்டும் திறந்திருக்கும். "ஐயோ, தாய் செத்துப்போச்சோ" என்று மனம் பதறும். பெரும்பாலும் தாய் பக்கத்துப் புதரில்தான் இருக்கும். வழக்கமாக இரண்டு குட்டி போட்டு, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் ஒளித்துவைத்து, பால் கொடுக்க மட்டும் வந்துபோகும். குட்டியின் உடம்பில் வாடை மிகக் குறைவு. நரி மோப்பம் பிடிக்காமல் கடந்துபோவது அதனால்தான். நம் கை வாடை பட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு.

பிறந்து இரண்டு மூன்று வாரம்வரை ஆபத்து வந்தால் அது ஓடாது, பதுங்கும். நரியிடம் இது பலிக்கும். புல் வெட்டும் இயந்திரத்திடம் பலிக்காது. ஆகவே வெட்டுவதற்கு முன் விடிகாலையில் வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோனைப் பறக்கவிட்டுத் தேடுகிறார்கள். வெயில் ஏறினால் நிலமும் சூடாகிவிடும், குட்டி தனியாகத் தெரியாது. கண்டுபிடித்த குட்டியையும் கையுறை போட்டு, கை நிறையப் புல்லோடு சேர்த்துத்தான் தூக்குவார்கள்.

இந்த மானின் பேறுகாலமே ஒரு விசித்திரம். இணைசேர்வது ஜூலை, ஆகஸ்டில். ஆனால் கரு உடனே வளர்ந்துவிடாது. டிசம்பர் கடைசி, ஜனவரி வரை ஏறக்குறைய அப்படியே கிடந்து, பிறகுதான் கருப்பையில் ஒட்டி வளரும். மொத்தம் ஒன்பதரை மாதம். தளிர் மலிந்த மே, ஜூனில் குட்டி பிறக்கும். பால் கொடுக்கும் தாய்க்குத் தளிர்தான் வேண்டும், முற்றிய புல் அதன் சின்ன வயிற்றுக்குச் சரிப்படாது.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல். சூரிச் மாநிலத்தில் ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை காட்டுக்குள்ளும் காட்டோரத்திலும் நாயைக் கயிற்றில்தான் கூட்டிப்போக வேண்டும். "எங்கட நாய் சாது" என்பதெல்லாம் மானுக்குத் தெரியாது.

அடிபட்ட குட்டியையோ, செத்த தாயின் அருகே நிற்கும் குட்டியையோ பார்த்தால் 117க்கு அழையுங்கள்; காவல்துறை வனவிலங்குக் காவலருக்குத் தகவல் சொல்லும். அவர் வரும்வரை பிள்ளைகளையும் நாயையும் தள்ளி நிறுத்துங்கள். அப்புறம், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பசும்பால் ஊட்டிப் பார்க்காதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்