தம்பிக்கு அப்பா எழுதுறது

தம்பி,

நல்லா இருக்கியா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மாவுக்கு கால்வலி அப்படியேதான், கடை ஏதோ ஓடுது, உளுந்து வெல ஏறிக்கிட்டே போவுது, கரண்ட் வந்தா வந்துச்சு போனா போச்சு. நீ கடைசியா போட்டது "ஓகே"னு ஒரு வார்த்தை. அதுக்கப்புறம் நான் போட்டதெல்லாம் ஒத்த டிக்கோட நிக்குது. போன் மாத்திட்டியா இல்ல அங்க லைன் இல்லயான்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்கா. நான் கேக்கல, கேட்டா உனக்குக் கோவம் வரும். இதைக் கொண்டுவர்ற ஆளுக்கும் நல்லதில்ல.

அதனால வேற விஷயம் எழுதுறேன். நீ விட்டுட்டுப் போன டேப்லட்ட பாப்பா தொறந்து குடுத்தா. உள்ள பூரா ஓநாய்! சின்னப்புள்ளைல தான் இந்தப் பைத்தியம் விட்டுருச்சுன்னு நெனச்சேன். நம்ம பக்கத்துக் காட்டுல செந்நாய் உண்டு, ஓநாய நான் பாத்ததே இல்ல, ஆனா இப்ப அமெரிக்காவுல எல்லோஸ்டோன் காட்டுல எந்தக் கூட்டம் எங்க இருந்துச்சுன்னு என்னைய கேளு சொல்றேன். 1926-ல கடைசி ஓநாயயும் கொன்னுட்டு அப்புறம் 1995-லயும் 96-லயும் கனடாவுலேர்ந்து 31 ஓநாய புடிச்சுக் கொண்டாந்து விட்டாங்களாமே. கொல்லுறதும் அவன்தான் கொண்டுவர்றதும் அவன்தான்.

அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்ட தள்ளிட்டு அண்ணனப் பாத்து ஒண்ணு சொன்னியே, பெரிய ஆல்ஃபான்னு நெனப்பு, எல்லாரையும் கடிச்சு அடக்கி வெச்சாத்தான் தலைவன்னு நெனப்புன்னு. அது தப்பு தம்பி. 1947-ல ஷென்கல்னு ஒருத்தர் வேலிக்குள்ள அடைச்சு வெச்ச ஓநாய்ங்கள பாத்து எழுதுனதுலேர்ந்து வந்த பேச்சு அது. டேவிட் மெக்குங்கறவரும் 1970-ல தன் புத்தகத்துல அதையே எழுதுனாரு, அப்புறம் வடக்கே எல்ஸ்மியர் தீவுக்குக் கோடைக்குக் கோடை போயி ஒரே குடும்பத்துப் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு 1999-ல அப்படி இல்லன்னு அவரே எழுதிட்டாரு. காட்டுல கூட்டம்னா பெரும்பாலும் அப்பா, அம்மா, போன வருஷத்துக் குட்டிங்க, இந்த வருஷத்துக் குட்டிங்க, அவ்ளோதான். ஒருத்தன ஒருத்தன் அடிச்சு ஏற வேண்டியதில்ல. வயசு வந்தா ஒரு வருஷத்துலயோ மூணு வருஷத்துலயோ அதுவா கெளம்பிப் போயிரும், யாரும் வெரட்டணும்னு இல்ல. எங்கயும் போக விடாம ரெண்டு ரூம்ல அத்தன பேரையும் அடைச்சு வெச்சா எதுவா இருந்தாலும் கடிக்கத்தான் செய்யும், நான் நம்ம வீட்ட சொல்லல.

எல்லோஸ்டோன்ல அந்த 8-ம் நம்பர் ஓநாய் இருக்கே, அது எனக்குப் புடிச்சிருக்கு. கிறிஸ்டல் கிரீக் கூட்டத்துல இருந்ததுலயே சின்னது, அண்ணன்மாருங்க மூணு பேரும் அதைப் போட்டு உருட்டுவானுங்க. 95-ல அது தனியா கெளம்பிப் போச்சு. வேற ஒரு கூட்டத்துல அப்பன சுட்டுக் கொன்னுட்டாங்க, தாயி எட்டு குட்டியோட நிக்குது, இந்தச் சின்னப்பய போயி அந்த எட்டையும் தன் புள்ளையா வளத்தான். அதுல ஒண்ணுதான் 21-ம் நம்பர். அவன் எந்தச் சண்டையிலயும் தோத்ததில்ல, தோத்துப் போயி கீழ கெடந்தவன கொன்னதும் இல்லன்னு வருஷக்கணக்கா டெலஸ்கோப் வெச்சுப் பாத்தவங்க சொல்றாங்க. பாத்துக்கிட்டு இருக்கும்போதே உன் ஞாபகம் வந்துருச்சு, காளி கோயில் திருவிழாவுல அந்தப் பயல அடிக்காம விட்டியே, அது.

ஆனா வீட்ல இருந்த அண்ணன் கதைய யாரும் பெருசா பேசுறதில்ல. 96-ல ட்ரூயிட்னு இன்னொரு ஓநாய்க் கூட்டம் லமார் பள்ளத்தாக்குக்குள்ள பூந்து கிறிஸ்டல் கிரீக் அப்பன கொன்னுருச்சு. மிஞ்சுனது ரெண்டே பேரு, அதுல ஒருத்தன் இந்த 8-ம் நம்பரோட கூடப்பொறந்தவன். அவங்க அந்த நல்ல எடத்த விட்டுட்டு பெலிகன் பள்ளத்தாக்குன்னு பனி கொட்டுற எடத்துக்குப் போயி முதல்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. அங்க குளிர்காலத்துல மான் கெடைக்காது, காட்டெருமைய அடிச்சுத் திங்கக் கத்துக்கிட்டாங்க. எருமைய அடிக்கிறது லேசா? அந்தக் கூட்டத்துக்குத்தான் பின்னாடி மோலீஸ்னு பேரு. 2004-ல, ட்ரூயிட் கூட்டத்துல போயிச் சேந்திருந்த 21-ம் நம்பரோட பொண்டாட்டி 42-ம் நம்பர கொன்னது மோலீஸ் தான். எடத்துக்காக ஆரம்பிச்சா எட்டு வருஷம் கழிச்சும் முடியாது.

அண்ணனும் எருமைதான் அடிக்கிறான் தம்பி. போன மாசம் ஆளுங்க வந்து வீட்டு லிஸ்ட்ட விரிச்சு வெச்சுக்கிட்டு உன் பேருல விரல வெச்சு எங்கன்னு கேட்டாங்க. எனக்கு வாய் வரல. அவன் முன்னாடி வந்து நின்னு நம்ம ஊரு பாஷைல இல்ல, அவங்க பாஷைலயே சிரிச்சுப் பேசி, டீ வாங்கிக் குடுத்து, வேற என்ன குடுத்தான்னு என்கிட்ட சொல்லல, அனுப்பி வெச்சான். உன்னப் பத்தி ஒரு வார்த்த தப்பா பேசல. இத உன்கிட்ட சொல்லாதீங்கன்னான். சொல்லிட்டேன்.

பெரிய தாத்தாவ நெனச்சுக்க. 1964-ல இங்க பர்மாவுல கடைய கவர்மெண்ட்டு எடுத்துக்கிட்டப்ப கப்பலேறிப் போனவரு, அங்க மெட்ராஸ்ல பர்மா பஜார்ல பொட்டிக்கடை போட்டவரு, கால்ல செருப்பு இல்லாத காலத்துலயும் இங்க இருந்த தம்பிக்கு மாசம் ஒரு கடுதாசி போட்டாரு. உன் கையில போன் இருக்கு. ஓநாய் ஊளை காட்டுக்குள்ளயே 10 கிலோமீட்டர் கேக்கும்ங்கறாங்க. பிரிஞ்சு போனது கத்தும், இங்கேர்ந்து பதில் கத்தும். நீ ஒரு ஸ்டிக்கர் போட்டா போதும்.

இன்னொண்ணு, இத நல்லா படி. ரெண்டு கூட்டத்தோட எல்லைக்கு நடுவுல ஒரு பட்டை மாதிரி எடம் இருக்குமாம், ரெண்டு பக்கமும் அங்க போக யோசிக்கும், அதனால மானுங்க அங்க பொழச்சுக் கெடக்கும்னு அதே மெக் அமெரிக்காவுல மின்னசோட்டாங்கற எடத்துல பாத்து எழுதியிருக்காரு. இதப் படிச்சதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு, நீ இருக்குற எடத்த நெனச்சு, ஊர் பேரு எழுத மாட்டேன், ஆத்துக்கு அந்தப் பக்கம். அப்புறம் அவரே 1994-ல எழுதுனதும் கண்ணுல பட்டுச்சு. இன்னொரு கூட்டம் கடிச்சு செத்த ஓநாய்ங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு எல்லைக்கோட்டுலேர்ந்து மூணு கிலோமீட்டருக்குள்ளயே செத்திருக்கு. அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. ராத்திரி தனியா நடக்காத. யார் கூடவாவது தங்கு, தனி ரூம் வேணாம். யாராவது வேலை வாங்கித் தர்றேன்னு வண்டில ஏத்துனா ஏறாத. ராத்திரி தனியா நடக்காத.

ஒரு கூட்டத்துல ஆறு வயசுக்கு மேல ஒரு கெழடு கூட இருந்தா சண்டையில ஜெயிக்கிற வாய்ப்பு கூடுதுன்னு 2015-ல கிரா காசிடின்னு ஒரு பொண்ணு கணக்குப் போட்டிருக்கு, எத்தன பேரு இருக்காங்கங்கறது மட்டும் இல்ல, அதுவும் முக்கியமாம். அதனால கெழவன் பேச்சுன்னு தள்ளாத.

தீபாவளிக்கு எப்ப வரேன்னு அம்மா அண்ணன் போன்ல கேப்பா. வரேன்னு சொல்லு, அவளுக்கு அது போதும். நீ வந்துறாத. நான் வான்னு எழுதுனாலும் வராத, என் கையெழுத்தே இருந்தாலும் வராத, அண்ணன் வாயால சொன்னா மட்டும் கெளம்பு. அண்ணன் நம்பர் மாத்திட்டான், புது நம்பர் இந்தத் தாளுக்குப் பின்னாடி இருக்கு, எழுதிக்கிட்டு தாள கிழிச்சுப் போட்டுரு.

அப்பா