வாசல் வரை வந்த தண்ணீர்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

மழைக்கு முன் வாசற்படியை உயர்த்தப் போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. போன மழையில் எங்கள் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பக்கத்தில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. தெருவில் விழுந்த மழைதான். நானும் முதலில் படியைத்தான் நினைத்தேன். அடுத்த மழையில் குடை பிடித்து வாசலில் நின்று பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. சாலையோர வடிகாலின் கம்பி மூடிக்கு மேலேயே தண்ணீர் ஓடியது. உள்ளே இறங்கவே இல்லை.

மழை விட்டதும் மூடியைத் தூக்கினோம். மேலே சருகு, அதன் கீழே களி போல இறுகிய கறுப்புச் சேறு. நீண்ட கரண்டியால் அள்ள அள்ள வந்தது. கடைசியில் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை அப்பிக்கொண்டிருந்தது. கம்பியால் கொக்கி போட்டு இழுத்ததுதான் தாமதம், தேங்கிய நீர் கொடகொடவென்று இறங்கிவிட்டது. மூடிமேல் கிடக்கும் இலையைக் கூட்டினால் மட்டும் போதாது என்று அன்று தெரிந்தது. ஆனால் ஆள் இறங்கும் ஆழமுள்ள குழி என்றால் யாரையும் உள்ளே இறக்கிவிடாதே. விஷவாயு உயிரை எடுத்துவிடும். உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுது, விடாமல் எழுது.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். வண்டி ஏறுவதற்காக நான் போட்ட சிமென்ட் சாய்தளம், வடிகாலை ஒரு சின்னக் குழாயாகக் குறுக்கியிருந்தது. தெருவின் மேட்டுப் பக்கத்து வீட்டார் இரண்டு வருடம் தண்ணீரில் தவித்ததற்கு என் வாசலும் ஒரு காரணம். மனம் கேட்கவில்லை, இடித்துவிட்டு, கழற்றி எடுக்கக்கூடிய கற்பலகைகளைப் போட்டேன்.

உன் மாடிக் குழாய் எங்கே கொட்டுகிறது? 100 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் தண்ணீர். அது சுவரடியில் விழக் கூடாது. வீட்டைச் சுற்றியுள்ள தரையும் வெளிப்பக்கம் சரிய வேண்டும். முதல் 3 மீட்டருக்குள் 15 சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் நல்லது.

படியை உயர்த்தினாலும், சாக்கடை நிரம்பினால் கழிவறை வழியாகத் தண்ணீர் மேலேறி வரும். திரும்பி வருவதைத் தடுக்கும் ஒருவழி வால்வு பொருத்த முடியுமா என்று குழாய் வேலை தெரிந்தவரிடம் கேள். மணல் மூட்டை வைப்பதானால் பாதியளவே நிரப்பி, செங்கல் அடுக்குவதுபோல் மாற்றி மாற்றி அடுக்கு. மூட்டைகளோடு பிளாஸ்டிக் விரிப்பும் போடாவிட்டால் கசியும். தண்ணீர் ஏறுவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடு.

முதல் மழையன்று வாசலில் நின்று பார். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது என்று ஒரு தாளில் வரைந்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுப் படியைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்