முறுக்கோட பை

அடியே செல்வி,

நீ அனுப்பின நாய்க்குட்டி போட்டோவ வீட்டுல எல்லாருக்கும் காட்டிட்டேன், பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் காட்டிட்டேன். உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்துல காலு, ஊசி மாதிரி மூஞ்சி, சிப்பிப்பாறைன்னு சொல்லவே வேணாம், பாத்தாலே தெரியுது. உன் வீட்டுக்காரர் ஊர்லேருந்து பஸ்ல மடியிலயே வச்சு வேளச்சேரி வரைக்கும் கொண்டு வந்தார்னு எழுதியிருந்தியே, அத படிச்சப்போ மனசு நிறைஞ்சுடுச்சு. பேர் வச்சாச்சா?

இங்க பெங்களூர்ல நாங்க நல்லா இருக்கோம். அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் முடிஞ்சுது, இப்ப ஊசியில நூல் கோக்குறாங்க. பெரியவன் பிளஸ் டூ, ராத்திரி பகல்னு இல்லாம டியூஷன். அவருக்கு ஹைதராபாத் பிராஞ்ச் பொறுப்பும் சேத்துக் கொடுத்துட்டாங்க, வாரத்துல நாலு நாள் அங்கதான். எனக்கு ஆபீஸ் ஒயிட்ஃபீல்டுல. அதாவது பகல்ல வீட்டுல இருக்கிறது அம்மாவும் எங்க நாய் முறுக்கும் மட்டும்தான். இத ஏன் சொல்றேன்னா நீ கேட்ட கேள்விக்குப் பதிலே இதுலதான் இருக்கு.

நாய்க்கு என்னென்ன வாங்கி வைக்கணும்னு கேட்டிருந்தே. தட்டு, பெட் எல்லாம் கடைக்காரனே சொல்லி வித்துடுவான், அத விடு. நான் சொல்லப்போறது ஒரு பை. அவசரத்துக்கு எடுத்துட்டு ஓடுறதுக்கு. ஐப்பசி மழைக்கு முன்னாடியே நீ அத ரெடி பண்ணிடணும், வேளச்சேரில இருக்கிறவளுக்கு நான் 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் ஞாபகப்படுத்த வேண்டியதில்ல.

எங்களுக்கு அந்த பாடம் 2022 செப்டம்பர்ல கிடைச்சுது. 4-ம் தேதி ஞாயித்துக்கிழமை ராத்திரி பேஞ்ச மழையில பெல்லந்தூர், யமலூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் எல்லாம் ஏரி மாதிரி ஆயிடுச்சே, ஐடி ஆளுங்க ட்ராக்டர்ல ஆபீஸ் போன போட்டோ எல்லாம் நீயே பாத்திருப்பே. எங்க லேஅவுட்டுக்குப் பின்னாடிதான் ராஜகாலுவே போகுது, மழைத்தண்ணி போற பெரிய கால்வாய இங்க அப்படித்தான் சொல்வாங்க. அது பொங்கி விடிகாலை நாலு மணிக்கு ஹால்ல முழங்கால் அளவு தண்ணி. கரண்ட் இல்ல, போன்ல சார்ஜ் இல்ல. காலையில ட்ராக்டர் வந்துச்சு, மனுஷங்க மட்டும் ஏறுங்க நாய் வேணாம்னு ஓட்டுறவர் சொல்லிட்டார். அவர கெஞ்சி சம்மதிக்க வச்சா, முறுக்கு ஏற மாட்டேங்குது. இஞ்சின் சத்தத்துல மிரண்டு பின்னாடி இழுத்துச்சு, கழுத்துப் பட்டை தலை வழியா அப்படியே உருவி என் கையில வந்துடுச்சு, நாய் தண்ணியில நீந்திப் போயிடுச்சு. நாலு மணி நேரம்டி. ரெண்டு தெரு தள்ளி ஒருத்தங்க மாடிப்படியில நடுங்கிட்டு உக்காந்திருந்துச்சு. அந்த நாலு மணி நேரத்த நெனச்சா இப்பவும் எனக்கு வயித்த பிசையுது.

அதனால முதல் விஷயம், உன் குட்டிக்கு வெறும் கழுத்துப் பட்டைய நம்பாதே. சிப்பிப்பாறைக்குத் தலையே கழுத்து அளவுதான், எல்லா நாய விடவும் சுலபமா உருவிக்கும். நெஞ்ச சுத்திப் போடுற ஹார்னஸ் வாங்கு, வளர வளர மாத்து. பட்டையிலயும் ஹார்னஸ்லயும் உன் போன் நம்பர் பொறிச்ச வில்லை இருக்கணும். தீபாவளி வெடிக்கு ஓடிப்போற நாய்ங்க எத்தனைன்னு உனக்கே தெரியும், அந்த வாரம் வீட்டுக்குள்ளயும் வில்லைய கழட்டாதே. முடிஞ்சா மைக்ரோசிப்பும் போட்டுடு, அரிசி சைஸ்ல தோலுக்கடியில வைக்கிறது, 15 இலக்க நம்பர், பட்டை உருவினாலும் அது உருவாது. ஆனா அந்த நம்பர உன் பேர்ல ரெஜிஸ்டர் பண்ணி வைக்கணும், இல்லன்னா வெறும் நம்பர்தான்.

வெள்ளத்துக்கு அப்புறம் நான் ஒரு பை கட்டினேன். நெட்ல பாத்து பாத்து எல்லாம் வாங்கி அடுக்கினேன். அது போதும்னு நெனச்சுட்டேன். போதலன்னு இந்த ஜூன் மாசம்தான் தெரிஞ்சுது.

சாயங்காலம் ஆறரைக்கு அம்மா முறுக்க கூட்டிட்டு காலி மனை பக்கம் போயிருக்காங்க, உடைஞ்ச பாட்டில் கண்ணாடி முன்னங்கால் அடிப்பகுதிய கிழிச்சிடுச்சு. அந்தப் பஞ்சு மாதிரி இருக்குமே அந்த இடம், வெட்டுப்பட்டா ரத்தம் நிக்கவே நிக்காது. நான் ஒயிட்ஃபீல்டுல, அந்த நேரத்துல வீட்டுக்கு வர ரெண்டு மணி நேரம். அவர் ஹைதராபாத்துல. அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா, முந்தானையால அழுத்தி பிடிச்சுட்டே உக்காந்துட்டாங்க, ரத்தம் ஊறினா அத எடுக்காம அதுக்கு மேலயே மடிச்சு மடிச்சு அழுத்தியிருக்காங்க. அதுதான் சரின்னு டாக்டர் அப்புறம் சொன்னார், எடுத்து எடுத்து பாத்தா கட்டின ரத்தம் மறுபடி பிச்சுக்கும், விடாம பத்து நிமிஷம் அழுத்தணும். பக்கத்து வீட்டுப் பையன் தூக்க வந்தப்போ முறுக்கு திரும்பி கடிச்சுடுச்சு, அவன இல்ல, நடுவுல இருந்த அம்மா கைய. ஆறு வருஷமா அம்மா கையால சாப்பிட்ட நாய்டி. வலி வந்தா எந்த நாயும் கடிக்கும், அது அதோட தப்பு இல்ல.

மூணு ஆட்டோ நாயப் பாத்துட்டு நிக்காம போச்சு. நாலாவது ஆட்டோல ஒரு கிளினிக் போனா டாக்டர் எடை என்ன, கடைசி ரேபிஸ் ஊசி எப்போ, எந்த மருந்துக்காவது அலர்ஜி இருக்கான்னு கேக்குறார். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, கன்னடம் காய்கறி வாங்குற அளவுக்கு. ஊசி புத்தகம் எங்க? பையில. பை எங்க? என் பீரோ மேல. பீரோ சாவி எங்க? என் ஹேண்ட்பேக்ல. அம்மா அப்படியே நின்னுருக்காங்க.

செல்வி, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. பை கட்டினது முழுக்க நான் வீட்டுல இருப்பேன்னு நெனச்சு கட்டியிருக்கேன். நாய்க்கு ஆபத்து வர்றப்போ வீட்டுல இருக்கப்போறது நானில்ல. அம்மா, இல்லன்னா ஸ்கூல்லேருந்து வந்த சின்னவ, இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரங்க. அவங்க கைக்கு எட்டணும், அவங்களுக்குப் புரியணும். அதனால மறுநாளே எல்லாத்தையும் கொட்டி மறுபடி கட்டினேன், அம்மாவ பக்கத்துல உக்கார வச்சு.

இப்போ அது சின்னவளோட பழைய ஸ்கூல் பேக், செருப்பு ஸ்டாண்டுக்கு மேல கொக்கியில தொங்குது, பக்கத்துலயே ஹார்னஸ். முன்னாடி ஜிப்ப திறந்தா முதல்ல ஒரு அட்டை, லேமினேட் பண்ணது. ஒரு பக்கம் டாக்டருக்கு இங்கிலீஷ்ல, பேர், வயசு, 20 கிலோ, ஊசி போட்ட தேதிங்க, ஏற்கனவே வந்த உண்ணி காய்ச்சல், நம்ம வழக்கமான டாக்டர் நம்பர், ராத்திரியில திறந்திருக்கிற ரெண்டு இடம். மறுபக்கம் அம்மாவுக்குத் தமிழ்ல, அம்மாவே அவங்க கையெழுத்துல எழுதினது. "ரத்தம் வந்தா துணிய எடுக்காதே." "வாய்க்கட்டு போட்டுட்டுத்தான் தூக்கணும், வாந்தி எடுத்தா, மூச்சு வாங்கினா போடக்கூடாது." "மனுஷங்க மாத்திரை எதுவும் கொடுக்காதே." அதுக்குக் கீழ நாய ஏத்திக்க சம்மதிச்ச ஒரு ஆட்டோ அண்ணா நம்பர், எங்க தெரு முனையில நிப்பார், முன்கூட்டியே பேசி வச்சிருக்கேன். கூடவே அம்மாவும் முறுக்கும் சேந்து நிக்கிற போட்டோ, பிரிண்ட் போட்டது. தொலைஞ்சா தேடவும், கிடைச்சா இது எங்க நாய்தான்னு காட்டவும். போன் செத்துப்போற நாள்ல போன்ல இருக்கிற போட்டோ உதவாதுடி.

மாத்திரை விஷயத்த கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். நமக்கு உடம்பு வலிச்சா போடுற புரூஃபென் வகையறா நாய்க்கு வயித்துல புண்ணாக்கும், கிட்னிய கெடுக்கும். பாவமா இருக்கேன்னு பாதி மாத்திரை கூட கொடுத்துடாதே. காயத்துல டெட்டால் ஊத்தாதே. மெடிக்கல் ஷாப்புல 500 மில்லி சலைன் பாட்டில் கிடைக்கும், அதால கழுவு, இல்லன்னா பெட்டாடைன தண்ணில கலந்து லைட் டீ கலர்ல வச்சு கழுவு. பையில காஸ் துணி, ரெண்டு க்ரேப் பேண்டேஜ், பிளாஸ்திரி, மொட்டை முனை கத்திரி, உண்ணி எடுக்க ஒரு முனை சன்னமான இடுக்கி. வாய்க்கட்டு தனியா வாங்கலன்னா பேண்டேஜ் துணியே போதும், மூக்க சுத்தி ஒரு கட்டு, தாடைக்குக் கீழ ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னாடி ஒரு முடிச்சு. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், நாய்க்குன்னே தனியா. பின்பக்கம் வச்சுதான் பாக்கணும், 101-லேருந்து 102.5 வரைக்கும் அதுக்கு நார்மல், நம்ம கணக்குல பாத்து ஜுரம்னு பயந்துடாதே. ஈறு எப்பவும் ரோஸ் கலர்ல இருக்கணும், விரலால அழுத்தி விட்டா ரெண்டு செகண்டுக்குள்ள கலர் திரும்பணும். வெளுத்துப்போயிருந்தா கிளம்பிடு, யோசிக்காதே. உன் குட்டி நல்லா இருக்கிறப்போவே அந்த கலர பாத்து மனசுல வச்சுக்கோ.

தண்ணி, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50, 60 மில்லினு வச்சுக்கோ. முறுக்குக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல, மூணு நாளைக்கு நாலு லிட்டர் கேன் பைக்குப் பக்கத்துலயே. சாப்பாடு மூணு நாளைக்கு உலர் தீனி. ஆனா எங்க வீட்டுல அது அம்மா வடிக்கிற சிக்கன் சோறுதான் தின்னும், திடீர்னு தீனிய மாத்தினா வயிறு போகும். அதுக்காக வாரத்துல ரெண்டு நாள் சோத்தோட கொஞ்சம் உலர் தீனி கலந்து போட்டு பழக்கிட்டோம். நீ குட்டியிலேருந்தே பழக்கிடு.

அப்புறம் அம்மாவோட பழைய காட்டன் புடவை ஒண்ணு, துவைக்காம. அது அம்மா யோசனை. கிழிச்சா கட்டு, விரிச்சா நாலு பேர் பிடிச்சு தூக்குற ஸ்ட்ரெச்சர், தெரியாத இடத்துல அத போட்டு படுக்க வச்சா அம்மா வாசனையில நாய் அடங்கும். நான் நெட்ல தேடின எந்த லிஸ்ட்லயும் இந்த அளவுக்கு உபயோகமான பொருள் இல்ல.

பொருள விட முக்கியம் பழக்கம். வாய்க்கட்டுல தயிர் தடவி நக்க விட்டு பழக்கினோம், இப்ப அதுவே மூக்க நீட்டும். ஞாயித்துக்கிழமை ஆட்டோ அண்ணா வண்டியில பெல்லந்தூர் வரைக்கும் ஒரு ரவுண்டு, ஏறின உடனே ஒரு துண்டு சிக்கன். அன்னைக்கு இந்தப் பழக்கம் இருந்திருந்தா ட்ராக்டர்ல ஏறியிருக்கும்னுதான் நினைக்கிறேன். அமெரிக்காவுல 2005 கத்ரீனா புயல்ல நாய விட்டுட்டு வரமாட்டோம்னு எத்தனையோ பேர் வீட்டுலயே தங்கிட்டாங்களாம், அதுக்கப்புறம் 2006-ல வளர்ப்புப் பிராணிங்களையும் சேத்து காப்பாத்துற திட்டம் வேணும்னு சட்டமே போட்டாங்க. நம்ம ஊர்லயும் படகுல நாய்க்கு இடம் இருக்கான்னு யாரையும் கெஞ்சாத ஒரு நாள் வரணும். வர்ற வரைக்கும் நாம தயாரா இருந்தாத்தான் உண்டு.

இன்னொண்ணு, வெள்ளத் தண்ணியில நாய் நனைஞ்சா உடனே நல்ல தண்ணியில கழுவி தொடச்சுடு, நக்க விடாதே, எலி மூத்திரத்துலேருந்து வர்ற எலி காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். வருஷா வருஷம் போடுற கூட்டு ஊசியில அதுக்கும் சேத்து இருக்கான்னு உன் டாக்டர்கிட்ட கேட்டு போடு. அம்மா கைக்கடிக்கு என்ன பண்ணோம்னு கேப்பே, 15 நிமிஷம் குழாய்ல சோப்பு போட்டு கழுவிட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரி போனோம், நம்ம நாய் ஊசி போட்ட நாய்தான், ஆனாலும் அம்மா ரேபிஸ் ஊசிய 0, 3, 7, 28-ம் நாள்னு நாலு தடவையும் தவறாம போட்டுக்கிட்டாங்க. இதுல மட்டும் தைரியம் காட்டக்கூடாது.

முறுக்கு கால் ஆறிடுச்சு, நாலு தையல். அந்த காலி மனை பக்கம் மட்டும் வரவே மாட்டேங்குது.

உன் மாமியார்தானே பகல்ல குட்டிகூட இருப்பாங்க? அட்டைய அவங்கள எழுத சொல்லு, நீ எழுதாதே. எழுதின கைக்கு மறக்காது, அம்மாகிட்ட நான் பாத்தேன். குட்டி எடைய எழுதி அனுப்பு, அதுக்கு ஏத்த ஹார்னஸ் இங்க கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் பாத்து பார்சல் போடுறேன். இன்னைக்கு மாசத்தோட முதல் ஞாயிறு, பைக்குப் பக்கத்துல இருக்கிற கேன் தண்ணி மாத்துற நாள். அம்மா கேன கழுவி வச்சுட்டு கூப்பிட்டுட்டே இருக்காங்க, முறுக்கு ஆட்டோ சத்தத்துக்குக் காத தூக்கிக்கிட்டு கேட்டுக்கிட்டே நிக்குது. போயிட்டு வரேன்.

உன்
விஜி