இறங்கவும் சொல்லிக்கொடுங்கள்: கொங்கு நாட்டு சைக்கிள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிறுதோறும் இளைஞர்களை மலைக்குக் கூட்டிப்போகும் குழுப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

ஈரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் கொல்லிமலை போய்வந்த மறுநாள், அந்த வண்டிகள் என் கடைக்கு வரும். போன மாதம் ஒரு தம்பி கொண்டுவந்த வண்டியில் பின் பிரேக் கட்டை இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. முன் கட்டை புதுசு மாதிரி இருந்தது. அவன் முழங்கை முழுக்கக் கட்டு. “முன் பிரேக்கைப் பிடிச்சா குப்புற விழுந்துருவோம்னு தொடவே இல்லைங்கண்ணா” என்றான்.

அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சின்ன வயதில் நம் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிவைத்தார்கள். கியர் மாற்றுவது, மூச்சு வாங்காமல் மிதிப்பது என்று ஏறுவதற்கு வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறீர்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்குவது எப்படி என்று யாராவது அவனுக்குச் சொன்னீர்களா?

பிரேக் பிடித்ததும் ஆள் பாரம், வண்டிப் பாரம் எல்லாம் முன்னால் சாய்கிறது. பின் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைந்து, பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. முன் சக்கரமோ ரோட்டை இன்னும் அழுத்திப் பிடிக்கிறது. அதனால் உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கைச் சற்றுக் கூடுதலாக, மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். அதையும் வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். சாய்ந்து திரும்பும்போது பதறிப் பிடித்தால், கொஞ்சம் மணல் கிடந்தாலும் சக்கரம் நழுவிவிடும். இன்னொன்று, சில வண்டிகளில் முன் பிரேக் வலது கைக்கு இருக்கும், சிலவற்றில் இடது கைக்கு. நண்பன் வண்டியை வாங்கி ஓட்டுபவர்கள் மலை உச்சியிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம் வேண்டும். இதை ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள்.

அப்புறம் சூடு. வழி முழுக்கப் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் கொதிக்கும். உள்ளே டியூபில் காற்றழுத்தம் ஏறி, வெடிக்கவும் செய்யலாம். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடிப்பதுதான் முறை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். இறங்கும்போது நடுவில் நாலைந்து இடத்தில் நிறுத்தி ஆறவிட்டால் என்ன குறைந்துவிடும்? மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும். அன்றைக்கு இன்னும் மெதுவாக வரட்டும்.

ஏறிவரும் பஸ்ஸுக்கு வளைவின் முழு அகலமும் தேவைப்படும். முன்னாடியே இடது ஓரமாக நின்று வழிவிடச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் புகுந்து வளைவை வெட்டித் திரும்புவதை அடியோடு நிறுத்துங்கள். யார் முதலில் அடிவாரம் சேர்ந்தது என்று குழுவில் நேரம் போட்டுப் பாராட்டுவதையும் தயவுசெய்து விடுங்கள். அந்தப் பாராட்டுக்காகத்தான் பதினெட்டு வயதுப் பையன்கள் பிரேக்கைத் தொடாமல் வருகிறார்கள்.

புதியவர்களை நேரே கொல்லிமலைக்கு ஏற்றாமல், முதலில் சென்னிமலை மாதிரி ஒரு சின்ன மலையில் விடிகாலையில் இறங்கிப் பழக்குங்கள். பெரிய மலைக்குப் போகும் வாரம், சனிக்கிழமையே வண்டிகளைக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். பிரேக் கட்டை, கேபிள், டயர் மூன்றையும் காசு வாங்காமல் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
ஈரோட்டு சைக்கிள் கடைக்காரன்